டைட்டில் நம்பர் எங்கே இருக்கிறது? வின் நம்பரைப் போட்டால் ஏற்க மாட்டேன் என்கிறது

ஃபிரிஸ்கோ_புதியவன் | திங்கள் இரவு 9:40

வணக்கம். டல்லாஸ் பக்கம் அடித்த ஆலங்கட்டி மழையில் என் 2014 அக்கார்டு கார் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. பின் கண்ணாடியும் போச்சு. இன்சூரன்ஸ் ஆள் வந்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, இதைச் சரிசெய்ய ஆகும் செலவு வண்டியின் மதிப்பைத் தாண்டும், டோட்டல் லாஸ் என்று சொல்லிவிட்டார். சரி, பணமாவது வரட்டும் என்று அவர்கள் அனுப்பிய ஆன்லைன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

அதில் "டைட்டில் நம்பர்" என்று ஒரு கட்டம். 17 இலக்கம் வேண்டுமாம். 17 என்றதும் காரில் பொறித்திருக்கும் வின் நம்பர்தான் என்று நினைத்து, கண்ணாடி வழியாக டாஷ்போர்டை எட்டிப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். சிவப்பு எழுத்தில் தவறு என்கிறது. மூன்று தடவை போட்டாயிற்று. கையில் இருப்பது ரெஜிஸ்ட்ரேஷன் ரசீது, இன்சூரன்ஸ் அட்டை, கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர். இந்த மூன்றில் எதில் இருக்கும்?

பழைய_கேம்ரி | திங்கள் இரவு 10:05

மூன்றிலும் தேடாதீர்கள் தம்பி. நம் ஊர் ஆர்சி புக்கை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கிறீர்கள். இங்கே அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வண்டியை ரோட்டில் ஓட்டலாம் என்று சொல்வது ரெஜிஸ்ட்ரேஷன். வருடா வருடம் காசு கட்டிப் புதுப்பிப்பீர்களே, அது. வண்டி யாருக்குச் சொந்தம் என்று சொல்வது டைட்டில். அது தனிக் காகிதம், மாநில அரசு கொடுப்பது. வீட்டுப் பத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தப் பத்திரத்தின் எண்தான் டைட்டில் நம்பர்.

வின் என்பது வண்டியின் எண். தொழிற்சாலையில் அடித்தது, கடைசிவரை மாறாது. டைட்டில் நம்பர் காகிதம் சம்பந்தப்பட்டது. நாளைக்கே வண்டியை இன்னொருவர் வாங்கி அவர் பெயருக்கு மாற்றினால் வின் அப்படியே இருக்கும், டெக்சாஸில் புது டைட்டிலுக்குப் புது எண் விழும்.

உங்கள் ஊரில் இரண்டுமே 17 என்பதுதான் குழப்பமே. ஒரு சுலபமான அடையாளம்: வின்னில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும் (ஐ, ஓ, க்யூ மட்டும் வராது, 1-ம் 0-வும் என்று குழம்பிவிடுவோம் என்று விலக்கிவிட்டார்கள்). டெக்சாஸ் டைட்டில் எண்ணில் ஒரு எழுத்துகூட இருக்காது, முழுக்க இலக்கம்.

கோவை_மெக்கானிக் | செவ்வாய் காலை 7:12

ஊரிலிருந்து ஒரு கேள்வி. அப்படியென்றால் அங்கே லோன் போட்டு வாங்கினால் ஹெச்பி (கடன் குறிப்பு) எதில் ஏறும்? இங்கே ஆர்சியிலேயே பைனான்ஸ் பெயர் வந்துவிடும். கடன் முடிந்ததும் பைனான்ஸில் என்ஓசியும் ஃபார்ம் 35-ம் வாங்கிக்கொண்டு ஆர்டிஓ போய் அடித்துவிட்டு வருவோம். விற்கும்போது ஃபார்ம் 29, 30. சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர், ஓனர் பெயர் எல்லாம் அந்த ஒரே கார்டில். டைட்டில் என்று தனியாக ஒன்று கேள்விப்பட்டதே இல்லை.

எடிசன்_அக்கா | செவ்வாய் காலை 8:30

கோவைத் தம்பிக்கு: இங்கே ஹெச்பி ஏறுவது டைட்டிலில். "லீன் ஹோல்டர்" (கடன் கொடுத்தவர்) என்று ஒரு கட்டம், அதில் பேங்க் பெயர் இருக்கும். பெரும்பாலான மாநிலங்களில் கடன் முடியும்வரை அந்தக் காகிதமே நம் கைக்கு வராது. நியூயார்க் மாதிரிச் சில இடங்களில் மட்டும் கடன் இருந்தாலும் டைட்டில் ஓனர் வீட்டுக்கே வந்துவிடும்.

ஃபிரிஸ்கோ தம்பி, நீங்கள் லோனில் வாங்கினீர்களா? முடித்துவிட்டீர்களா? அதைச் சொன்னால்தான் உங்கள் டைட்டில் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியும்.

ஃபிரிஸ்கோ_புதியவன் | செவ்வாய் காலை 11:15

லோன்தான் அக்கா. இரண்டு வருடத்துக்கு முன்பே கட்டி முடித்துவிட்டேன். பேங்கிலிருந்து "வாழ்த்துகள்" என்று ஒரு மெயில் வந்தது, அவ்வளவுதான். காகிதம் எதுவும் தந்ததாக நினைவில்லை. பேங்க்காரனைக் கூப்பிட்டால் முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு, எங்களிடம் இல்லை, மாநிலத்தைக் கேள் என்கிறான்.

எடிசன்_அக்கா | செவ்வாய் மதியம் 12:02

அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும். இப்போதெல்லாம் பல பேங்குகளிடம் காகிதமே கிடையாது, எலக்ட்ரானிக் டைட்டில்தான். கடன் இருக்கும்வரை அது மாநிலத்தின் கம்ப்யூட்டரில் ஒரு பதிவு, அவ்வளவே. நீங்கள் கட்டி முடித்ததும் பேங்க் அங்கே ஒரு பட்டனைத் தட்டி லீனை, அதாவது கடன் பிடியை, விடுவிக்கும். டெக்சாஸில் பணம் கிடைத்த பத்து வேலை நாளுக்குள் விடுவித்தாக வேண்டும். அப்புறம்தான் மாநிலம் காகிதத்தை அச்சடித்து உங்கள் முகவரிக்குத் தபாலில் அனுப்பும்.

இரண்டு வருடம் முன்னால் எந்த வீட்டில் இருந்தீர்கள்? அந்தச் சமயத்துத் தபாலை எல்லாம் என்ன செய்தீர்கள்? மாநிலத் தலைநகர் ஆஸ்டினிலிருந்து வந்த கவர் எதுவும் இருக்கிறதா பாருங்கள். பார்க்க ஒன்றும் விசேஷமாக இருக்காது. எங்கள் வீட்டுக்காரர் அவருடையதைப் பீட்சா கூப்பனோடு சேர்த்துக் குப்பையில் போட்டு, நான் கையை விட்டு எடுத்தேன்.

ஃபிரிஸ்கோ_புதியவன் | செவ்வாய் இரவு 10:48

அக்கா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை!

வரிக் காகிதங்கள் போடும் ஷூ பெட்டியில், பிரிக்காத கவராகவே கிடந்தது. ரெஜிஸ்ட்ரேஷன் ஞாபகக் கடிதம் என்று நினைத்து மனைவி உள்ளே போட்டிருக்கிறாள். பிரித்தால் பத்திரத் தாள் மாதிரி கொஞ்சம் தடியாக, பூ வேலை போட்ட ஓரத்தோடு ஒரு காகிதம். ஆனால் இதில் ஒரு நம்பர் இல்லை, ஒரு ஊரே இருக்கிறது. மேலே ஓரத்தில் தனியாக ஒன்று, கட்டத்துக்குள் 17 இலக்கத்தில் ஒன்று, வின், நம்பர் பிளேட் எண், எடை, ஓடோமீட்டர். படம் இணைத்திருக்கிறேன். எதைப் போடட்டும்?

[படம் நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் | செவ்வாய் இரவு 10:55

படத்தை எடுத்துவிட்டேன். பெயர், வீட்டு முகவரி, வின், டைட்டில் நம்பர் நாலும் பளிச்சென்று தெரிந்தன. தயவுசெய்து யாரும் டைட்டிலைப் படம் எடுத்துப் பொதுவில் போடாதீர்கள். மறைத்துப் போட்டாலும் வேண்டாம். எந்தக் கட்டம், எந்த மூலை என்று வார்த்தையில் சொன்னால் போதும், நம் ஆட்கள் புரிந்துகொள்வார்கள்.

சான்டா_கிளாரா_ராஜு | செவ்வாய் இரவு 11:20

மேலே ஓரத்தில் தனியாக இருக்கிறதே, அதைப் போடுங்கள். காகிதத்தின் தலையில் இருப்பதுதானே அதன் நம்பர்.

பழைய_கேம்ரி | புதன் காலை 6:50

ராஜு, வேண்டாம். இதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். ரூபாய் நோட்டில் வரிசை எண் இருக்கிறதல்லவா? அந்த மாதிரி, வெறும் தாள் அச்சகத்திலிருந்து வரும்போதே அதில் ஒரு எண் இருக்கும். கண்ட்ரோல் நம்பர் என்பார்கள். தாள் திருட்டுப் போகாமல், போலி அடிக்காமல் இருக்கக் கணக்கு வைப்பதற்கு அது. உங்கள் வண்டிக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை. பிறகு பிரிண்டரில் உங்கள் விவரங்களை அதன் மேல் அடிக்கிறார்கள். அப்போது விழுவதுதான் டைட்டில் நம்பர்.

பார்த்தாலே வித்தியாசம் தெரியும். வின், உங்கள் பெயர், பிளேட் எண் எல்லாம் எந்த எழுத்துருவில் இருக்கிறதோ அதே எழுத்துருவில், ஒரு கட்டத்துக்குள், மேலே பொடி எழுத்தில் தலைப்போடு இருப்பதை எடுங்கள். டெக்சாஸ் தாளில் வின் கட்டத்துக்கு நேர் கீழே "டைட்டில் / டாக்குமெண்ட் நம்பர்" என்று இருக்கும். பக்கத்திலேயே டைட்டில் கொடுத்த தேதி. அந்த 17 இலக்கம்தான்.

உங்களுடையது 043-இல் தொடங்குகிறதா பாருங்கள். ஃபிரிஸ்கோவில் பாதி காலின் கவுண்டி (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). டெக்சாஸ் தன் 254 கவுண்டிகளுக்கும் அகர வரிசைப்படி எண் வைத்திருக்கிறது, காலினுக்கு 43, டல்லாஸுக்கு 57, டெண்டனுக்கு 61. எங்கள் வீட்டில் இருக்கிற இரண்டு டைட்டிலுமே பதிவான கவுண்டியின் எண்ணில்தான் தொடங்குகின்றன.

ஃபிரிஸ்கோ_புதியவன் | புதன் காலை 8:05

061! கார் வாங்கும்போது லூயிஸ்வில்லில் இருந்தேன், டெண்டன் கவுண்டி. காகிதத்தில் ஜாதகமே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிட்ஸ்பர்க்_சிவா | புதன் காலை 9:31

இந்த இழையைப் பிறகு தேடி வருபவர்களுக்காகப் பென்சில்வேனியா விஷயம் ஒன்று. இங்கே உங்களுக்கு ஷூ பெட்டி தேவையில்லை, டைட்டில் நம்பர் ரெஜிஸ்ட்ரேஷன் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். புதுப்பிக்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

ஆனால் இங்கே வேறொரு கண்டம் இருக்கிறது. விற்பவர் நோட்டரி முன்னால்தான் டைட்டிலில் கையெழுத்துப் போட வேண்டும். இது தெரியாமல் நான் என் பழைய வண்டியை விற்கும்போது, வாங்குபவர் பாவம் சனிக்கிழமை அலைய வேண்டாமே என்று, வெள்ளிக்கிழமை இரவே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பின்பக்கம் அழகாகக் கையெழுத்துப் போட்டு வைத்தேன். மறுநாள் நோட்டரி அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "இதை நீ போட்டதை நான் பார்த்தேனா?" என்றார். அவ்வளவுதான். டூப்ளிகேட் டைட்டிலுக்கு எழுதிப் போட்டு, அது வரும்வரை வாங்குபவர் தினம் எனக்கு மெசேஜ் அனுப்பினார். இப்போது பேனாவையே தூர வைத்துவிடுகிறேன்.

டொரன்டோ_மாமா | புதன் மதியம் 1:15

ஓம், ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு கூத்து. ஒன்டாரியோவில் டைட்டில் என்ற சாமானே இல்லை. பச்சைத் தாள் ஒன்று தருவார்கள், நாங்கள் எல்லோரும் "ஓனர்ஷிப்" என்றுதான் சொல்லுவோம். அதில் வாகனத்துக்கு ஒரு பகுதி, பிளேட்டுக்கு ஒரு பகுதி. விற்கிறவர் யூவிஐபி என்ற பொதியையும் வாங்கிக் கொடுக்க வேணும், அதில் முந்திய உரிமையாளர்கள், கடன் எல்லாம் வரும். அமெரிக்கப் பக்கத்திலிருந்து கார் கொண்டுவருகிற ஆட்கள்தான் டைட்டில் எங்கே என்று தேடித் திரிவார்கள். எல்லையில் அசல் டைட்டிலைக் காட்ட வேணும், வடிவாகப் பத்திரப்படுத்துங்கோ.

குராய்டன்வாசி | புதன் மாலை 4:40

லண்டன் கணக்கையும் எழுதிவிடுகிறேன். இங்கே வி5சி, பேச்சு வழக்கில் லாக் புக். அதில் 11 இலக்க டாக்குமெண்ட் ரெஃபரன்ஸ் நம்பர். வேடிக்கை என்னவென்றால் லாக் புக்கில் உங்கள் பெயர் இருந்தாலும் அது உரிமைக்கு அத்தாட்சி இல்லை என்று அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நீங்கள் வெறும் "ரெஜிஸ்டர்டு கீப்பர்". அதாவது வண்டியைப் பார்த்துக்கொள்பவர்!

சான்டா_கிளாரா_ராஜு | புதன் இரவு 8:10

சரி, கண்ட்ரோல் நம்பர் விஷயத்தில் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. இவ்வளவு தேடுவதற்குப் பதிலாக டைட்டிலைக் காரின் குளோவ் பாக்ஸில் வைத்திருந்தால் தேவைப்படும்போது கையில் இருக்குமே? நான் அங்கேதான் வைத்திருக்கிறேன்.

பழைய_கேம்ரி | புதன் இரவு 8:22

ராஜு, இப்போதே எழுந்து போய் எடுத்து வந்துவிடுங்கள். காரைத் திருடுபவனுக்கு வீட்டுப் பத்திரத்தையும் சாவியோடு சேர்த்துக் கொடுத்த கதை அது. காரில் இருக்க வேண்டியது ரெஜிஸ்ட்ரேஷனும் இன்சூரன்ஸும். டைட்டில் பாஸ்போர்ட் இருக்கும் இடத்தில் இருக்கட்டும்.

சான்டா_கிளாரா_ராஜு | புதன் இரவு 8:41

எடுத்தாயிற்று. பார்க்கிங்கில் செருப்பு இல்லாமல் போய் எடுத்து வந்தேன்.

ஹூஸ்டன்_தேன்மொழி | வியாழன் காலை 7:58

டெக்சாஸில் டைட்டில் தொலைந்தவர்கள் பயப்பட வேண்டாம். விடிஆர்-34 என்ற படிவம். அடையாள அட்டை நகலோடு தபாலில் அனுப்பினால் 2 டாலர், மாநில டிஎம்வியின் (வாகனத் துறை) ரீஜனல் சர்வீஸ் சென்டருக்கு நேரில் போனால் 5 டாலர் 45 சென்ட். டல்லாஸ்காரர்களுக்கு அது கேரல்டனில் இருக்கிறது. கவுண்டி வரி அலுவலகத்துக்குப் போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், புது டைட்டிலுக்கு விண்ணப்பம் வாங்குவது அவர்கள். நான் இரண்டு இடத்திலும் நின்றவள்.

நகல் வந்ததும் பழையது செல்லாது. பிறகு சோபாவுக்கு அடியில் பழையது கிடைத்தாலும் அதை வைத்து விற்கக் கூடாது.

அப்புறம், நம்பர் மட்டும்தான் வேண்டுமென்றால் இன்னொரு இடமும் உண்டு. வாங்கிய சமயத்தில் டைட்டில் அப்ளிகேஷன் ரசீது என்று ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். டாக்குமெண்ட் நம்பர் அதிலும் இருக்கும். டீலர் கொடுத்த ஃபைலின் அடியில் பாருங்கள்.

ஃபிரிஸ்கோ_புதியவன் | வியாழன் மாலை 6:30

நம்பரைப் போட்டேன், பச்சை டிக் விழுந்தது. எல்லோருக்கும் நன்றி. ஆனால் பூதம் வேறு ரூபத்தில் வந்திருக்கிறது.

நான் வந்த புதிதில் பாஸ்போர்ட்டில் சர்நேம் பகுதி காலி. விசாவில் என் பெயரைச் சர்நேம் இடத்தில் தள்ளிவிட்டு, முதல் பெயராக "எஃப்என்யூ" (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டுவிட்டார்கள். கார் அந்தக் காலத்தில் வாங்கியது, ஆகவே டைட்டிலில் ஓனர் மிஸ்டர் எஃப்என்யூ. அப்புறம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்த்து, லைசென்ஸும் மாற்றிவிட்டேன். இப்போது இன்சூரன்ஸ்காரர், டைட்டிலில் இருப்பவரும் நீங்களும் ஒரே ஆளா என்கிறார். நான் என்ன சொல்வது?

எடிசன்_அக்கா | வியாழன் மாலை 7:05

சிரித்துச் சிரித்து டீ மூக்கில் ஏறிவிட்டது. எங்கள் அப்பார்ட்மெண்டில் ஒரு காலத்தில் தபால் பெட்டிகளில் நாலு எஃப்என்யூ இருந்தார்கள், எல்லோரும் ஒரே குடும்பம் என்று தபால்காரர் நினைத்தாராம்.

என் தம்பிக்கு இதே கதைதான் நடந்தது. அவன் கொடுத்தது: பழைய பாஸ்போர்ட்டும் புதியதும், பழைய விசாப் பக்கம், அதோடு "இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை" என்று நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட ஒரு அஃபிடவிட். அதோடு முடிந்தது. இன்சூரன்ஸ்காரரிடமே அவர்கள் வைத்திருக்கும் மாதிரிப் படிவம் உண்டா என்று முதலில் கேளுங்கள், அவரவர் வாசகம் அவரவருக்கு.

முக்கியமாக, டைட்டிலில் எஃப்என்யூ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டுச் சரியான பெயரை எழுதிவிடாதீர்கள். ஒயிட்னர் அதைவிட மோசம். அடித்தல் திருத்தல் இருந்தால் காகிதத்தையே செல்லாது என்று தள்ளிவிடுவார்கள்.

பிட்ஸ்பர்க்_சிவா | வியாழன் இரவு 9:14

டைட்டிலின் பின்பக்கம் ஓடோமீட்டர் (ஓடிய மைல்) கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். பழைய வண்டிதானே என்று பலர் காலியாக விடுகிறார்கள். 2010 மாடலும் அதற்கு முந்தையதும்தான் விலக்கு. 2011 மாடலோ அதற்குப் பிந்தையதோ என்றால் இருபது வருடம் எழுதியாக வேண்டும், 2021-இல் வந்த மாற்றம். உங்களுடையது 2014, ஆகவே எழுத வேண்டும். தசமப் புள்ளிக்கு அடுத்த இலக்கத்தைச் சேர்க்காதீர்கள், 98,000 மைல் ஒன்பது லட்சத்து எண்பதாயிரம் ஆகிவிடும்.

ஃபிரிஸ்கோ_புதியவன் | அடுத்த புதன், இரவு 7:20

கணக்கு முடிந்தது. நோட்டரி, அஃபிடவிட், இரண்டு பாஸ்போர்ட் நகல், அசல் டைட்டில் எல்லாம் கூரியரில் போனது. பணம் இன்று வந்துவிட்டது. மதியம் டோ டிரக் வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போனது. எட்டு வருடம் கூடவே இருந்த கார், திருப்பத்தில் மறையும்வரை நின்று பார்த்தேன். மகள் டாடா காட்டினாள்.

ஹூஸ்டன்_தேன்மொழி | அடுத்த புதன், இரவு 7:34

நல்லது. நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டீர்கள்தானே? 

ஃபிரிஸ்கோ_புதியவன் | அடுத்த புதன், இரவு 7:36

முன், பின் இரண்டும் கழற்றிவிட்டேன். ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கரையும் பிளேடால் சுரண்டியாயிற்று.

ஹூஸ்டன்_தேன்மொழி | அடுத்த புதன், இரவு 7:37

டோல் டேக்?

ஃபிரிஸ்கோ_புதியவன் | அடுத்த புதன், இரவு 7:52

லைனில் இருக்கிறேன். பாட்டு ஓடுகிறது.